இழுவைக் கேரவனுக்குள் சாமான் அடுக்குவது: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தார் கேட்கும் கேள்விகள்

காருக்கோ டபுள் கேப்புக்கோ பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்னக் கேரவனைப் பற்றியது இந்தப் பக்கம். உள்ளே படுக்கை, சின்னக் குசினி, சில அலுமாரிகள் இருக்கும். எங்களுடையது ஒற்றை அச்சுக் கேரவன். கல்லடியில் முற்றத்தில் அது நிற்பதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது இடத்தைப் பற்றித்தான்: "இவ்வளவு சாமானும் எங்கே கொள்ளும்?" இடம் எப்படியும் கிடைத்துவிடும். பாரம் எங்கே உட்காருகிறது, ஈரம் எங்கே தங்குகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

மொத்தம் எவ்வளவு ஏற்றலாம்?

கேரவனில் ஒரு தகடு அடித்திருக்கும். வெறும் எடை, ஏற்றக்கூடிய முழு எடை இரண்டும் அதில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கணக்கு. வெறும் எடை 750 கிலோ, முழு எடை 1000 கிலோ என்றால் 250 கிலோ ஏற்றலாம். கேட்கும்போது நிறைய இருப்பது போலத் தெரியும். தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ, 60 லீற்றர் தாங்கி நிரம்பினால் 60 கிலோ போய்விட்டது. 100 ஆம்பியர்-மணி (Ah) ஈய பற்றரி ஒன்று 25 முதல் 30 கிலோ வரும். காஸ் சிலிண்டரில் எழுதியிருப்பது காஸின் எடை மட்டும்தான், இரும்பின் எடையையும் சேர்க்க வேண்டும். அது சிலிண்டரின் கழுத்துப் பக்கம் பொறித்திருக்கும். பிறகு மெத்தை, அரிசி, சட்டி பானை, தறப்பாள், நாற்காலி, ஜாக், உபரி டயர். மிச்சம் இருப்பதுதான் உடுப்புக்கும் பிள்ளைகளின் சாமானுக்கும்.

கணக்குப் பார்த்தால் மட்டும் போதாது, ஒருதடவையாவது நிறுத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு வசதி இருக்கிறது. பெரிய நெல் ஆலைகளில் லொறி நிறுக்கிற தராசு உண்டு. அறுவடை நாள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்க் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். பயணத்துக்கு அடுக்கியபடியே கொண்டுபோய், காரைக் கழற்றிவிட்டு, கேரவனை மட்டும் தராசில் ஏற்றுங்கள்.

பாரமான சாமான்களை எங்கே வைப்பது?

தரையில், அச்சுக்கு நேர் மேலே. கொஞ்சம் முன்னால் போனாலும் பரவாயில்லை, பின்னால் போகக்கூடாது.

படுவான்கரையில் நெல் ஏற்றுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உழவு மெசினின் பெட்டியில் மூட்டைகளைப் பின்பக்கமாகக் குவித்தால் பெட்டியின் மூக்கு மேலே எழும்பி மெசினின் பின் சில்லைத் தூக்கப் பார்க்கும், பிடி போய்விடும். அதனால் மூட்டை அடுக்குகிறவர்கள் முன்பக்கத்தைக் கொஞ்சம் பாரமாகவே விடுவார்கள். கேரவனிலும் அதே சங்கதிதான். ஆனால் மெசின் மெல்லப் போகும், கார் 60, 70 கிலோமீற்றரில் போகும். பின்பாரம் கூடின கேரவன் அந்த வேகத்தில் பாம்பு போல வளைந்து ஆடத் தொடங்கும். ஆட்டம் கூடினால் காரையும் சேர்த்து இழுத்துப்போய்க் கவிழ்த்துவிடும்.

ஆகவே அரிசி வாளி, தண்ணீர்க் கேன், பற்றரி, கருவிப் பெட்டி, டின் சாமான் எல்லாம் படுக்கைக்குக் கீழே, அச்சுக்கு மேலே உள்ள அறைக்குள். எங்கள் கேரவனில் படுக்கைப் பலகையைத் தூக்கினால் கீழே நீளமாக ஒரு பெட்டி இருக்கிறது. அதைக் குறுக்குப் பலகையால் மூன்றாகப் பிரித்திருக்கிறோம். நடு அறை அச்சுக்கு நேர் மேலே வருகிறது. கையில் தூக்கிப் பார்த்து முழங்கை இறங்கினால் அந்தச் சாமான் நடு அறைக்குத்தான். அதற்கு முன்னும் பின்னும் உள்ள அறைகளில் நுளம்புவலை, போர்வை, பன்பாய் மாதிரி இலேசானவை.

இடது வலதும் பாருங்கள். ஒரு பக்கத்தில் குசினியும் பற்றரியும் இருந்தால் தண்ணீரை மற்றப் பக்கம் வையுங்கள்.

முன்பக்கம் எவ்வளவு பாரம் இருக்க வேண்டும்? வீட்டில் நிறுக்கலாமா?

கேரவனின் கொளுவி காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குண்டின் மேல் உட்காரும்போது கீழ்நோக்கி அழுத்துகிற பாரத்தைத்தான் மூக்குப் பாரம் என்கிறோம். அமெரிக்காவில் கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் என்று சொல்வார்கள். பிரித்தானியாவில் 5 முதல் 7 வீதம் போதும் என்பார்கள். அங்கே கேரவன்களும் இலேசு, இழுக்கிற கார்களும் சின்னது. நமக்கு முடிவு சொல்ல வேண்டியது காரின் கைநூலும் கொளுவியில் அடித்திருக்கும் எல்லையும்தான். காரின் எல்லை 75 கிலோ, கொளுவியின் எல்லை 100 கிலோ என்றால் 75ஐத் தாண்டக்கூடாது. எல்லைக்குள் நின்றுகொண்டு, கூடிய பக்கமாக வைப்பதே நல்லது.

வீட்டில் நிறுக்கலாம். ஆள் நிறுக்கிற தராசு ஒன்று போதும். கேரவனைச் சமதரையில் விட்டு, இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். பயணத்துக்கு எப்படி அடுக்குவீர்களோ அப்படியே அடுக்கியிருக்க வேண்டும், தண்ணீர் உட்பட. காரின் குண்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். கொளுவிக்கு நேர் கீழே தராசை வைத்து, அதன் மேல் ஒரு பலகைத் துண்டு, அதன் மேல் நிறுத்தி ஒரு மரக்கட்டை. கட்டை அந்த உயரத்துக்குக் கொளுவியைத் தாங்குகிற அளவில் வெட்டியிருக்க வேண்டும். பிறகு, காரைக் கழற்றினால் கேரவனின் மூக்கைத் தாங்கி நிற்கிற முன் சில்லின் கைபிடியை மெல்லச் சுற்றிச் சில்லை மேலே எடுங்கள். கொளுவி கட்டையில் முழுதாக உட்கார்ந்ததும் தராசு காட்டுவதுதான் கணக்கு. காலை அடியில் நீட்ட வேண்டாம், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். உங்கள் தராசு 120 கிலோ வரைதான் காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாரம் அதைத் தாண்டும் என்று பட்டால் நெல் ஆலைத் தராசுக்கே போங்கள்.

குறைவாகக் காட்டினால் நடு அறையில் இருந்து ஒரு கேனை முன் அறைக்கு மாற்றுங்கள். கூடக் காட்டினால் மறுவளம். ஒரு கேனை அரை மீற்றர் நகர்த்தும்போது தராசு எவ்வளவு அசைகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால், அதற்குப் பிறகு யாரும் கேரவனில் சாமானைக் கண்டபடி தூக்கிப் போட மாட்டார்கள்.

பிள்ளைகளின் சைக்கிள்களைக் கேரவனின் பின்னால் கட்டலாமா?

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். கொளுவிக்கும் அச்சுக்கும் இடையில் 3 மீற்றர். சைக்கிள் தாங்கி அச்சுக்குப் பின்னால் 2 மீற்றர். 15 கிலோ சைக்கிள் ஒன்றைக் கட்டினால் மூக்குப் பாரம் 10 கிலோ குறைந்துவிடும், அச்சில் 25 கிலோ கூடும். இரண்டு சைக்கிள் என்றால் மூக்கில் 20 கிலோ போச்சு. 75 கிலோ வைத்திருந்தவருக்கு 55தான் மிச்சம். காரின் கூரையில் கட்டலாம், டபுள் கேப்பின் பெட்டியில் போடலாம்.

ஓடும்போது கேரவன் ஆடத் தொடங்கினால்?

எக்ஸிலேற்றரில் இருந்து காலை எடுங்கள், ஸ்ரேறிங்கை நேராகப் பிடியுங்கள், வேகம் தானாகக் குறைய விடுங்கள். பிரேக்கை அழுத்தக்கூடாது. எதிர்த்துத் திருப்பவும் கூடாது. வேகம் கூட்டினால் நேராகும் என்று சிலர் சொல்வதைக் கேட்க வேண்டாம். ஓரமாக நிறுத்தி, பின் அலுமாரியில் என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். டயரின் காற்றையும் பாருங்கள்.

நீண்ட ஓட்டம், பிள்ளைகள் உள்ளே படுத்துக்கொண்டு வரட்டுமா?

கூடாது. ஐந்து நிமிட ஓட்டம் என்றாலும் கூடாது. உள்ளே பெல்ட் இல்லை, கேரவனின் சுவர் காரின் உடம்பு மாதிரித் தாங்காது, பிள்ளை கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேட்காது. எல்லோரும் காருக்குள். காரில் இடம் போதாது என்றால் ஆட்களைக் குறையுங்கள்.

மேல் அலுமாரிகளில் என்ன வைக்கலாம்?

தலையில் விழுந்தாலும் நோகாத சாமான். துவாய், உடுப்பு, பாண், பிஸ்கட், மெலமைன் கோப்பை, பிளாஸ்டிக் கப். அவ்வளவுதான். மேலே பாரம் ஏறினால் வளைவுகளில் கேரவன் சாயும்.

இங்கிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் செங்கலடி, மகா ஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை என்று போய், அப்பால் மலைக்கு ஏறுகிற "18 வளைவு" வழியாக ஏறுவார்கள். மஹியங்கனை வரை ரோட்டு நல்ல பிள்ளை. அங்கே ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் அலுமாரிக்குள் இருக்கிற எல்லாம் ஒருதடவை இடப்பக்கம் ஓடும், ஒருதடவை வலப்பக்கம் ஓடும். காந்தப் பூட்டு இதற்குத் தாங்காது. கொண்டி போடுங்கள், அல்லது அழுத்தினால் வெளியே வந்து மறுபடி அழுத்தினால் பூட்டுகிற குமிழ் போடுங்கள். தட்டுகளில் ரப்பர் விரிப்பு விரித்தால் வழுக்காது. இரும்புக் கொண்டி கடற்கரைப் பக்கம் ஒரு மாரிக்குள் துருப்பிடித்து இறுகிவிடும், ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை கேட்டு வாங்குங்கள்.

சரி, அலுமாரியை நிரப்பாமல் பாதி விட்டால் இன்னும் மோசம். இடைவெளி இருந்தால்தான் சாமான் ஓடும். வெற்றிடத்தில் துவாயைச் சுருட்டிச் செருகுங்கள்.

குசினிக்கு என்ன எடுத்துப்போவது? மாமி அம்மியையும் கொண்டுவரச் சொல்கிறா.

அம்மி வீட்டிலேயே இருக்கட்டும். மாமியிடம் வேண்டுமென்றால் இப்படிக் கேளுங்கள்: கிளம்புவதற்கு முதல் நாள் மிளகாய்த்தூள், சரக்குத்தூள், இஞ்சி உள்ளி அரைத்த விழுது மூன்றையும் அவவே ஆக்கித் தரட்டும். அவவின் கைப்பக்குவம் கூட வரும், கல் வராது.

எங்கள் சமையலுக்குத் தேங்காய் இல்லாமல் முடியாது, ஆகவே திருவலை கட்டாயம். மேசையில் திருகிப் பூட்டுகிற வகைதான் கேரவனுக்கு வசதி. அதன் பல்லுக்கு ஒரு பழந்துணி உறை தைத்துப் போடுங்கள். லாச்சிக்குள் கை விடுகிறபோது அது இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. தேங்காயை வீட்டில் இருந்து மூட்டையாக ஏற்ற வேண்டாம். உரித்த தேங்காய் ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் வரும், போகிற வழியெல்லாம் வாங்கலாம்.

ஒன்றுக்குள் ஒன்று போகிற சட்டிகள் மூன்று, ஒரு தாச்சி, ஒரு கேத்தல், இரண்டு அகப்பை, ஒரு நல்ல கத்தி. இடியப்ப உரலும் தட்டுகளும் ஆசைதான், ஆனால் தட்டுகள் இடத்தைப் பிடிக்கும். எங்கள் வீட்டில் அவற்றை விட்டுவிட்டுப் புட்டுக் குழல் ஒன்றை எடுக்கிறோம். குழலுக்குள்ளேயே கரண்டிகளைச் சுருட்டி வைக்கலாம். அடுக்குச் சட்டிகளுக்கு இடையில் பழைய துணி வையுங்கள், இல்லாவிட்டால் மகா ஓயா வரை கடகடவென்று ஒரே சத்தம். அதைவிட, அலுமினியச் சட்டி உராய்ந்து உராய்ந்து கறுப்புத் தூள் விடும்.

கண்ணாடிப் போத்தல்களைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள். ஊறுகாய் மட்டும் கண்ணாடியில் இருக்கலாம், அதற்கு ஒரு பழைய காலுறை போட்டுவிடுங்கள்.

தயிர்ச் சட்டியும் கருவாடும்?

உறவினர் வீட்டுக்குப் போகிறவர் இந்த இரண்டும் இல்லாமல் மட்டக்களப்பில் இருந்து வெளிக்கிட முடியாது, எனக்கு அது தெரியும்.

எருமைத் தயிர்ச் சட்டிக்கு இருப்பதிலேயே நல்ல இடம் குசினித் தொட்டி. நான்கு பக்கமும் சுவர், சிந்தினாலும் தண்ணீர் விட்டுக் கழுவலாம். அடியில் துவாயை வளையமாகச் சுருட்டி அதன் மேல் இருத்துங்கள். மலை ஏறுகிற பாதை என்றால் சட்டியைக் காருக்குள் ஒருவர் மடியில் வைத்திருப்பதே உத்தமம்.

கருவாடு வேறு கதை. மூடின கேரவன் வெயிலில் இரண்டு மணித்தியாலம் நின்றால் அந்த மணம் மெத்தையில் ஏறும், திரைச்சீலையில் ஏறும், கிழமைக்கணக்கில் போகாது. நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, கடதாசியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, றப்பர் வளையம் உள்ள மூடி போட்ட வாளிக்குள் வையுங்கள். வாளி காரின் பின்பெட்டியில் போகட்டும், கேரவனுக்குள் வேண்டாம். பச்சை மீன் என்றால் மீனவர்கள் பாவிக்கிற ரெஜிபோம் பெட்டி, ஐஸ் நிறைய. ஐஸ் உருகின தண்ணீர் கேரவனின் பலகைத் தரையில் வடியாமல் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள்.

தண்ணீர்த் தாங்கியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போவதா?

நிரப்பினால் முழுதாக, இல்லாவிட்டால் வெறுமையாக. பாதித் தாங்கிதான் பிரச்சினை. தண்ணீர் உள்ளே அடிபட்டு ஓடும், பிரேக் பிடிக்கும்போது முன்னால் வந்து மோதும். தாங்கி அச்சுக்குப் பின்னால் பொருத்தியிருந்தால் வெறுமையாக ஓடி, தங்குகிற இடத்தில் நிரப்புங்கள். குடிக்கிறதற்கு மட்டும் 5 லீற்றர் போத்தல்கள் சில. அவற்றை நகர்த்தி மூக்குப் பாரத்தைச் சரிசெய்யவும் முடியும் என்பது கூடுதல் வசதி. கழுவின தண்ணீர் சேர்கிற வாளியைப் புறப்படுமுன் ஊற்றிவிட வேண்டும்.

காஸ் சிலிண்டரை எப்படி வைப்பது?

5 கிலோ சிலிண்டர் போதும். வீட்டில் இருக்கிற 12.5 கிலோ சிலிண்டரைக் கொண்டுவர வேண்டாம். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், பட்டியால் கட்டியிருக்க வேண்டும். ஓடுகிற நேரம் ரெகுலேற்றர் மூடியிருக்க வேண்டும், கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கி நிற்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் பெட்டி கேரவனின் உள்பக்கத்தோடு தொடர்பில்லாமல் அடைத்திருக்க வேண்டும், அதன் அடித்தரையில் வெளியே திறந்த ஓட்டை இருக்க வேண்டும். அந்த ஓட்டையை எறும்பு வருகிறது என்று துணியால் அடைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கம்பி வலை போதும். அந்தப் பெட்டிக்குள் வேறு எந்தச் சாமானையும், குறிப்பாகப் பற்றரியையும் வயர்களையும், வைக்கக்கூடாது.

இரவில் குளிர் காய்வதற்கு அடுப்பை எரியவிட்டு ஜன்னலை மூடிப் படுப்பது உயிராபத்து. நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்திருங்கள். போர்வை இன்னொன்று எடுத்துப்போங்கள்.

உடுப்பு?

பெட்டி வேண்டாம், மடங்குகிற துணிப்பை ஆளுக்கு ஒன்று. உடுப்பை மடிக்காமல் சுருட்டுங்கள். மருதமுனைச் சாரம் நல்ல உதவி: உடுக்கலாம், போர்க்கலாம், ஜன்னலுக்குத் திரை கட்டலாம், கழுவினால் கச்சான் காற்றில் அரை மணியில் காய்ந்துவிடும். கோயிலுக்கு உடுக்கிற வேட்டி, சேலையைத் தனிப்பையில் மேல் அலுமாரியில் வையுங்கள். கதிர்காமமோ மாமாங்கமோ திருக்கோவிலோ, தீர்த்தமாடிவிட்டு ஈரத்தோடு உள்ளே வந்து எல்லாப் பையையும் கிளறாமல் இருக்கலாம். ஈர உடுப்புக்கு ஒரு வாளி, மூடியில்லாமல், வாசல் பக்கம்.

எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்ய?

எங்கள் கரைக்கு இதுதான் பெரிய எதிரி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் உப்புக்காற்று. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை விடாது. பூட்டின கேரவனுக்குள் தோல் செருப்பு பச்சை பூக்கும், புத்தகம் அலை விழும், சீனி கட்டியாகும்.

ஈரம் இரண்டு வழியால் வருகிறது. ஒன்று வெளியில் இருந்து ஒழுகுவது. கூரை மூட்டு, ஜன்னல் விளிம்பு, விளக்கு வயர் போகும் ஓட்டை, இவற்றை வருசம் ஒருதடவை சீலன்ட் பூசிப் பார்க்க வேண்டும். மற்றது உள்ளே இருந்தே வருவது. மலையில் தங்கினால் கேரவனின் மெத்தையை விடியற்காலையில் தூக்கிப் பாருங்கள். மேல்பக்கம் உலர்ந்திருக்கும். அடிப்பக்கம், உடம்பு கிடந்த வடிவத்திலேயே, கையில் ஒட்டுகிற மாதிரி நனைந்திருக்கும். பலகையில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் நிற்கும். மழையும் இல்லை, ஒழுக்கும் இல்லை. நான்கு பேரின் மூச்சும் வியர்வையும் குளிர்ந்த பலகையில் பட்டுத் தண்ணீராகிறது. நுவரெலியாவில் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கும், அங்கே இது நிச்சயம் நடக்கும். கல்லடியில் அவ்வளவு தெரியாது, அதனால்தான் இங்கே பழகினவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். மெத்தையின் கீழே முழுப்பலகை வேண்டாம், இடைவெளி விட்டு றீப்பைச் சட்டம் அடியுங்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் பன்பாய் ஒன்றை விரித்தால் காற்று ஓடும், இதற்காகவே செய்தது போல இருக்கும். சாமானைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அலுமாரிக் கதவுகளில் சின்னச் சின்ன ஓட்டை போடுங்கள். கூரைக் காற்றோட்டியை, மழை என்றாலும், ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள். மூடின பெட்டி நல்லது என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடுகிறவர்கள் கவனியுங்கள்: உள்ளே போகிற சாமான் காய்ந்திருந்தால்தான் அது காப்பு. ஈர உடுப்பைப் போட்டு மூடினால் அதுவே பூஞ்சணத்துக்கு வீடு.

சிரட்டைக்கரியைத் துணிப்பையில் கட்டி அலுமாரி மூலைகளில் வைப்பது மணத்துக்கு நன்றாக வேலை செய்யும். ஈரத்தை இழுக்கக் கடைகளில் விற்கிற கல்சியம் குளோரைட் டப்பா அதைவிடப் பலமானது. அதில் சேர்கிற தண்ணீர் உலோகத்தை அரிக்கும், சிந்தும், ஆகவே நிறுத்தி வைக்கும்போது மட்டும் வையுங்கள், ஓடும்போது எடுத்துவிடுங்கள். பூச்சி உருண்டையும் அப்படியே, நீங்கள் படுக்கிற நாட்களில் உள்ளே வேண்டாம்.

யானை, குரங்கு?

பாணமையில் இருந்து உகந்தைக்குப் போகிற வழி, லாகுகலைப் பக்கம், மகா ஓயாப் பக்கம் எல்லாம் யானை நடமாட்டம் உள்ள இடங்கள். புத்தல–கதிர்காமம் வீதியில் வாகனத்தை மறித்துச் சாப்பாடு எதிர்பார்க்கிற யானைகள் இருக்கின்றன. அவற்றுக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது. ஆட்கள் கொடுத்துப் பழக்கியதால்தான் அவை ரோட்டுக்கு வந்தன.

யானைக்கு மோப்பம் அதிகம். வாழைக்குலையைக் கேரவனுக்கு வெளியே கட்டித் தொங்கவிடுவது, அரிசி மூட்டையைக் காரின் கூரையில் ஏற்றுவது எல்லாம் அந்த வழிகளில் வேண்டாம். பழம், அரிசி, உப்பு எல்லாம் இறுக்கமான மூடி போட்ட வாளிகளில், நடு அறைக்குள். கேரவனின் சுவர் மெல்லிய தகடும் பலகையும்தான், யானைக்கு அது ஒரு தடையே இல்லை. இரவில் அந்த வீதிகளில் ஓடாதீர்கள், ஓரத்தில் நிறுத்திப் படுக்கவும் வேண்டாம். கேரவனோடு ரிவேர்ஸ் எடுப்பது நேரம் பிடிக்கிற வேலை, யானை நிற்கிற இடத்தில் அந்த நேரம் கிடைக்காது. கோயில் பக்கமாக, ஆட்கள் தங்குகிற இடத்தில் தங்குங்கள்.

குரங்குக்கு ஜன்னல் வலை போதாது. வெளியே இறங்கினால் ஜன்னலை மூடிவிட்டு இறங்குங்கள்.

அம்மம்மாவும் வருகிறா. இன்சுலினை எங்கே வைக்கலாம்?

கேரவனுக்குள் விட்டுவிட்டு இறங்கக் கூடாது என்பதுதான் முதல் விசயம். மூடின வண்டி வெயிலில் நின்றால் உள்ளே 50 பாகை வரைக்கும் ஏறும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். பாவனையில் இருப்பதை அறை வெப்பத்தில் வைக்கலாம், எத்தனை பாகை, எத்தனை நாள் என்பது அந்த மருந்தோடு வருகிற தாளில் இருக்கும், பலவற்றுக்குச் சுமார் 4 கிழமை. ஐஸில் நேரே படக்கூடாது, உறைந்த இன்சுலின் உதவாது, எறிய வேண்டியதுதான். சின்ன மண்முட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் மருந்தைப் போத்தலோடு பொலித்தீனில் சுற்றி வைப்பது பழைய வழி, இப்பவும் நல்ல வழி. அம்மம்மாவின் மருந்துப் பை அவவின் கையோடு, காருக்குள்.

பவர் பேங்க், லைற்றர், ஸ்ப்ரே டப்பா மூன்றையும் வெயில் படுகிற ஜன்னல் ஓரத்தில் விட வேண்டாம்.

கழிப்பறை?

சின்னப் பெட்டிக் கழிப்பறை இரவுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும். ஓடுமுன் வெறுமையாக்குங்கள். வாவியிலோ காட்டு ஓரத்திலோ ஊற்றக்கூடாது, கழிப்பறைக் குழியில்தான்.

காகிதங்கள்?

காருடையதும் கேரவனுடையதும், பதிவு, வரிப் பத்திரம், காப்புறுதி எல்லாம் ஒரு தண்ணீர் புகாத உறையில், காரின் முன்பெட்டியில். உங்கள் சாரதி அனுமதிப் பத்திரம் எவ்வளவு எடையுள்ள இழுவையை அனுமதிக்கிறது என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டே கேரவன் வாங்குங்கள்.

புறப்படுமுன் கடைசியாக என்ன பார்ப்பது?

ஒருவரே பார்க்க வேண்டும், ஒரே திசையில் பார்க்க வேண்டும். நாங்கள் வாசலில் தொடங்கி வலமாக வருவோம். அலுமாரிக் கொண்டி, லாச்சி, காஸ், கூரைக் காற்றோட்டி, ஜன்னல், தொட்டிக்குள் கிடக்கிற கோப்பை, வெளியே வந்தால் படி, முன் சில்லு, கொளுவி, பாதுகாப்புச் சங்கிலி, பின் விளக்குகள். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி வாசலில் இருந்து தொடங்குங்கள். டயரில் காற்றோடு வயதையும் பாருங்கள். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. கேரவன் டயர் தேய்வதற்கு முன்னாலேயே நின்று நின்று வெடிக்கும், பூ இருக்கிறது என்று நம்ப வேண்டாம்.

மாரிக்கு நிறுத்தி வைக்கும்போது சாமானை உள்ளேயே விடலாமா?

இல்லை, வெறுமையாக்குங்கள். மெத்தையை வீட்டுக்குள் எடுத்து நிறுத்தி வையுங்கள். துணி, கடதாசி, சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் மிஞ்சக்கூடாது. ஒரு பிஸ்கட் பொடி இருந்தால் எறும்பு வரும், அதன் பின்னால் கரப்பான், அதன் பின்னால் எலி. எலி வந்தால் வயரைத் தின்னும். லாச்சிகளை வெளியே இழுத்து, அலுமாரிக் கதவுகளைத் திறந்தபடி விடுங்கள். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒருதடவை சார்ஜ் போடுங்கள். தண்ணீர்த் தாங்கியை வடித்துவிடுங்கள், காஸைக் கழற்றுங்கள்.

தறப்பாளை நேரே கேரவன் மேல் போட்டு இறுக்கிக் கட்டினால் அடியில் ஈரம் சிறைப்படும். நான்கு கால் நட்டு, மேலே ஒரு அடி இடைவெளி விட்டுக் கூரை போல் கட்டுங்கள். ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் அதை முதலில் அவிழ்க்க வேண்டும். 1978 கார்த்திகைப் புயல் இந்தக் கரையை என்ன செய்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேரவன் காற்றுக்குப் பெரிய பாய்மரம், வெறுமையாக இருந்தால் இன்னும் இலேசு. நான்கு மூலையையும் தரையில் அடித்த இரும்பு முளையோடு கட்டுங்கள். தென்னைக்குக் கீழே நிறுத்தாதீர்கள்.

இடமும் பாருங்கள். 2011 தை வெள்ளத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று உங்கள் தெருவில் யாருக்கும் தெரியும். அந்த மட்டத்துக்கு மேலே ஒரு மேடு உங்கள் காணியில் இல்லாவிட்டால், மேடான காணி உள்ள உறவினர் யாரிடமாவது புரட்டாசியிலேயே கேட்டு வையுங்கள். மழை தொடங்கினபின் நனைந்த மண்ணில் கேரவனை இழுத்துப்போவது சில்லு புதைகிற வேலை.